பூஜைக்கு வைத்த மோட்டாரும் பொரி தின்ற எலிகளும்

1931-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 19-ஆம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிஷம். மத்தியானம் பிடித்த மழை விட்டு, கொட்டகை ஓட்டு நுனிகளில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கிழக்கே வாளையார் மலைக்கு மேல் இடி உருண்டது. மேற்கே வானம் வெளுத்திருந்தது. காற்று அடியோடு இல்லை. அந்த நேரத்தில்தான் என் மனைவியின் தம்பி என் மோட்டார் வண்டியின் பானெட்டைப் படீரென்று மூடினான். மூடிய தகரத்தின் மேல் மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுத்தான். நடுவில் குங்குமம் வைத்தான். பிறகு இரண்டு படி பொரியை அதன்மேல் மலையாகக் குவித்தான்.

நூற்று முப்பத்தாறு நாளாக நான் கட்டிக் காத்த கோட்டை அந்த நிமிஷத்தில் விழுந்தது. கோட்டையைப் பிடித்தவர்கள் அப்போது நெல் பத்தாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

எலியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரயில்வேயில் சரக்குக் கிடங்குக் குமாஸ்தாவாக முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். மூட்டை எடை குறைந்தால் ‘எலிச் சேதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை என்னுடையது. அப்படி எழுதியதில் பாதி இரண்டு கால் எலிகள் தின்றது என்பது எனக்கும் தெரியும், எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியும். மீதிப் பாதியைத் தின்ற நாலு கால் ஜாதியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். உலகத்தில் இதைவிட அற்பமான பிராணி இல்லை. புலி பசித்தால் தின்கிறது. எலி பசியில்லாவிட்டாலும் கடிக்கிறது. பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிக்கிறதாம். தன் பல்லைத் தேய்த்துக்கொள்ள அடுத்தவன் சொத்தைக் கேட்கும் ஒரு பிராணிக்கு நான் என்ன மரியாதை கொடுக்க முடியும்? அது பிள்ளையாருக்கு வாகனமாம். அப்படியானால் அது அங்கே போய் நிற்கட்டும். என் வாகனத்துக்குள் அதற்கு என்ன வேலை?

உத்தியோகம் முடிந்து எலப்புள்ளியில் வந்து உட்கார்ந்த மூன்றாம் வருஷம் மோட்டார் வந்தது. என் மைத்துனன் மூணாறுக்கு மேலே, மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் லாரிக் கிளீனராக நாலு வருஷம் இருந்தான். அதனால் மோட்டார் சாஸ்திரம் முழுவதும் தனக்குத் தெரியும் என்று அவனுக்கு நினைப்பு. அங்கே ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போவதாகவும், வண்டியைச் சும்மா கொடுப்பதாகவும் அவன் எழுதினான். சும்மா என்றால் அறுநூறு ரூபாய் என்பதை வண்டியோடு வந்து நின்றபோதுதான் சொன்னான். வேறொரு காரியம் இல்லாவிட்டால் அவனையும் வண்டியையும் அப்படியே திருப்பி மலைக்கு அனுப்பியிருப்பேன்.

அந்தக் காரியம் என் மனைவியின் கண். வலது கண் ஐந்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. இடது கண்ணில் பூ விழுந்து, கஞ்சித் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்பாள். கோயமுத்தூரில் ஒரு கண் டாக்டர் பார்த்தார். நாகர்கோவில்காரர், கிறிஸ்தவர், கைராசிக்காரர் என்று பேர். “கண்ணுல புரை பழுத்தாச்சு. இருபத்தொண்ணாம் தேதி புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு வெறும் வயித்தோட வந்துரணும். முந்தின நாள் வரக்கூடாது, கட்டில் கிடையாது. அன்னைக்குச் சாயங்கால ரயிலுக்கு நான் ஊருக்குப் போறேன், திரும்ப ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கண்ணு தாங்கும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்” என்றார்.

இதுதான் நிலைமை. எங்கள் பக்கத்திலிருந்து காலை முதல் ரயில் கோயமுத்தூர் போய்ச் சேர ஒன்பதே முக்கால். அதுவும் நேரத்துக்கு வந்தால். ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் எவனும் ரயிலை நம்பமாட்டான். முந்தின நாளே போய்ச் சத்திரத்தில் தங்கலாம் என்றால், முந்தின நாள் சரஸ்வதி பூஜை. பூஜையன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆகவே மோட்டார். இருபத்தெட்டு மைல். ஒன்றரை மணி நேரம், மெதுவாகப் போனால் ஒன்றே முக்கால்.

வண்டி எப்படியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தொட்டுத்தான் பார்த்தாள். விளக்கைத் தடவினாள், சீட்டை அமுக்கினாள். “நல்லா மெத்துனு இருக்குதுங்க. என்ன வர்ணமுங்க?” என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவள் தம்பி, “மயில் கழுத்து அக்கா, மயில் கழுத்து” என்றான். நான் மறுக்கவில்லை. மறுத்தால் என்ன வர்ணம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வர்ணத்துக்குப் பேரே கிடையாது.

கொட்டகைக்கு ஒரு பக்கம் நெல் பத்தாயம், மறுபக்கம் நிலக்கடலை மூட்டைகள். எலிகளுக்கு இதைவிட வசதியாக ஒரு வீதியை யாரும் போட்டுக் கொடுக்க முடியாது. மூன்றாம் நாள் காலை பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் மேல் நாற்பத்துமூன்று புழுக்கை. பின்சீட்டின் மூலையில் ஓட்டை போட்டு, உள்ளே அடைத்திருந்த குதிரைமயிரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். குதிரைமயிரை வைத்து எலி என்ன செய்யப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னிடம் யோசனை சொல்ல மட்டும் வந்தார்கள்.

ஊரில் மோட்டாரைக் கண்ணால் பார்த்திராத ஆட்கள்தான் அதிகம் யோசனை சொன்னார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் வேப்பிலையைக் கட்டுக் கட்டாக உள்ளே திணிக்கச் சொன்னார். எலிகள் அதை மெத்தையாகப் போட்டுக்கொண்டன. டீக்கடைக்காரன் பாம்புச் சட்டையை ஸ்டீரிங்கில் சுற்றச் சொன்னான். சுற்றினேன். இரண்டாம் நாள் அதையும் காணோம்; தின்றுவிட்டார்கள். ஒருவர் புகையிலைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். தெளித்ததில் எனக்குத்தான் தலை சுற்றியது. பாச்சை உருண்டை இருபத்துநாலு வாங்கி மூலைக்கு மூலை போட்டேன். அதில் மூன்றை எலிகள் உருட்டிக்கொண்டு போய்ப் பத்தாயத்தடியில் வைத்திருந்தன. விளையாடுவதற்காக இருக்கும்.

மைத்துனன் எஸ்டேட் வழக்கம் என்று சொல்லி ஒரு பூனையைக் கொண்டுவந்தான்.

“மாமா, லாரி செட்டுல எப்பவும் ஒரு பூனை கெடக்குமுங்க. ஒரு எலி கிட்ட வராதுங்க.”

“அந்த லாரியில் எலி தின்ன என்ன இருந்தது மாப்பிள்ளை?”

“தேயிலைங்க.”

“எலி தேயிலை தின்னுமா?”

“தின்னாதுங்க. பூனை இருக்குதுங்களே, எப்படித் தின்னும்?”

இதுதான் அவனுடைய தர்க்கம். அந்தப் பூனை வந்த பதினோராம் நாள் பின்சீட்டில் நாலு குட்டி போட்டது. அதன்பிறகு பூனைக்குப் பால், குட்டிகளுக்குப் பால், எலிகளுக்குக் குதிரைமயிர் என்று வண்டியில் எல்லோரும் சௌகரியமாக இருந்தார்கள். நான் ஒருவன்தான் அதில் ஏறவில்லை.

சமையலறை அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுக்கிறோம் அல்லவா? அதே முறையில் நாலு சக்கரத்தையும் நாலு மண்தொட்டித் தண்ணீரில் நிறுத்தினேன். இது என் யோசனை. யோசனையில் குற்றமில்லை. ஆனால் எலிகள் கொட்டகை விட்டத்திலிருந்து வண்டியின் கான்வாஸ் கூரைமேல் குதித்தன. தொட்டியில் கொசு பெருகி எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மைத்துனன் கயிற்றுக்கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, “எலிக்கு வெச்சதுல நீங்க உழுந்துட்டீங்களே மாமா” என்றான். அவனுக்கு அது வேடிக்கையாம்.

காய்ச்சலில் படுத்திருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. எலி இருட்டையும் அசையாத இடத்தையும் தீனியையும் தேடித்தான் வருகிறது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. எழுந்ததும் கடலை மூட்டைகளை வீட்டு அறைக்கு மாற்றினேன். பூனையைக் குடும்பத்தோடு தோட்டக்காரரிடம் அனுப்பினேன். வண்டிக்குள் ஒரு வெற்றிலைக்காம்பு கூடக் கிடக்கக் கூடாது என்றேன். பானெட்டை இரவும் பகலும் ஒரு குச்சி கொடுத்துத் திறந்தே வைத்தேன். வெளிச்சமும் காற்றும் போகிற இடத்தில் எலி கூடு கட்டாது. தினம் காலையில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். பொறிகளை வண்டிக்குள் வைக்காமல் சுவர் ஓரமாக வைத்தேன், வண்டிக்குள் வைத்த பொறி எலிக்கு அழைப்புக் கடிதம் மாதிரி. சாயங்காலம் வண்டியைச் சுற்றித் தரையில் சாம்பல் தூவி, காலையில் குனிந்து கால்தடம் பார்த்தேன். முதல் வாரம் முப்பது நாற்பது தடம். பிறகு பத்து. பிறகு இரண்டு. செப்டம்பர் 28-ஆம் தேதியிலிருந்து ஒரு தடம்கூட இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஊரில் ஒருவன் உதவி செய்யவில்லை. எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிச் சுத்தமாக வைத்திருந்த வண்டிக்குத்தான் பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுதத்தைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில் சூரியன் உதித்துப் பூஜை எடுக்கும்வரை அதைத் தொடக் கூடாது. புத்தகம் வைத்தால் படிக்கக் கூடாது, அரிவாள் வைத்தால் வெட்டக் கூடாது. ஏரும் உலக்கையும் இரண்டு நாள் சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. மோட்டார் அப்படியல்ல என்று நான் சொன்னேன்.

“வேண்டுமானால் வண்டியைக் கிளப்பச் சுற்றுகிற ஹாண்டிலை மட்டும் கழற்றித் தருகிறேன். அதற்கு உன் ஆசை தீரப் பொட்டு வை” என்றேன்.

“ஹாண்டிலுக்கு மட்டும் போட்டா எஞ்சின் கோவிச்சுக்காதுங்களா மாமா?” என்றான் மைத்துனன்.

“உனக்குப் போட்டால் போதும். நீதான் வண்டியில் இருக்கிறதிலேயே மழுங்கின ஆயுதம்.”

மனைவி குறுக்கிட்டாள். “நாளன்னிக்கு என்ற கண்ணுல கத்தி வெக்கப் போறாங்க. கூட்டிட்டுப் போற வண்டிக்கு ஒரு பூசை போடாமப் போறதுங்களா? உங்களுக்கு எலிதான் பெருசாப் போச்சு.”

கண் அவளுடையது. நான் விலகி நின்றேன். அவன் பானெட்டை மூடினான், மாலை போட்டான், பொரி குவித்தான். அது போதாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம், ஆறு கரும்புத் துண்டு, அச்சுவெல்லம், வறுத்த கடலை எல்லாவற்றையும் முன்சீட்டில் இலை போட்டு வைத்தான். “வண்டியும் வெறும் வயித்தோட கெடக்கக் கூடாதுங்க” என்றான். கடைசியில் கொட்டகைக் கதவைச் சாத்தினான். இருட்டு, அசையாத இடம், தீனி. நான் மாதக்கணக்கில் விரட்டிய மூன்றையும் அவன் ஒரே மூச்சில் கற்பூரம் காட்டிக் கூப்பிட்டுவிட்டான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, மனைவி கொட்டகைக் கதவருகே முறத்தில் அரிசியைத் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண் போனபின் அவளுக்குக் காது கூர்மை. என்னைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, உள்ள ஆரோ இருக்காங்க.”

“யாரும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது.”

“நல்லாக் கேளுங்க. முன்னாடி மூணு பேரு. பின்னாடி சீட்டுல ரெண்டு. ஒன்னு கரும்பு கடிக்குது.”

காதை வைத்துக் கேட்டேன். கேட்டது. முறுக்கு கடிப்பது போல ஒரு சத்தம், பிறகு ஒரு ஓட்டம், பிறகு தகரத்தின் அடியில் நறநறவென்று வேறொரு சத்தம். அது கரும்பு இல்லை, பொரி இல்லை. ரப்பரும் துணியும் சுற்றிய கம்பியைக் கடிக்கும் சத்தம். கிடங்கில் தந்திக் கம்பியை அவை கடித்தபோது அதே சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பானெட்டின் மேல் பொரி மலை பாதியாகியிருந்தது. நான் கொக்கியில் கை வைப்பதற்குள் அவள் எனக்குப் பின்னாலேயே வந்து, சக்கரத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டு எனக்கும் பானெட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டாள்.

“தொறக்காதீங்க.”

“ஒயரைத் தின்கிறது. வண்டி நாளைக்குக் கிளம்பாது.”

“பூசைல வெச்சதை நடுவுல தொறந்து, அந்த வண்டீல ஏறிப் போயிக் கண்ணைக் குடுக்கச் சொல்றீங்களா? நீங்க தொறந்தீங்கன்னா நான் நாளைக்கு வல்லீங்க.”

“வராவிட்டால் கண் போய்விடும்.”

“போகட்டுமுங்க. பாதி போனதுதானுங்களே.”

இதை அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். திறந்தால் அவள் வரமாட்டாள். திறக்காவிட்டால் வண்டி வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டு உள்ளே ஒருவன் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான்.

தொடாமல் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன். பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினேன். தட்டும்போது நிறுத்தினார்கள், நிறுத்தியதும் ஆரம்பித்தார்கள். மைத்துனன் வந்து, “தட்டாதீங்க மாமா, சாம்பிராணி போடறேன். பூசைக்கும் ஆச்சு, எலிக்கும் ஆச்சு” என்றான். ஒரு சட்டி நிறையப் புகை போட்டான். எலிகள் புகைக்குப் பயந்து வெளியே வரவில்லை. இன்னும் உள்ளே போய்ப் பதுங்கின. புகைக்குப் பயந்து வெளியே வந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

“எஸ்டேட்டில் இப்படித்தான் செய்வீர்களா?” என்று கேட்டேன்.

“எஸ்டேட்ல பூசையன்னிக்கு எல்லாரும் லீவுல போயிருவமுங்க. எலி என்ன பண்ணுச்சுன்னு ஆரு பாத்தா?” என்றான்.

நாலு வருஷத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை அது.

புதன்கிழமை சூரியன் தலைகாட்டியதும் பூஜை எடுத்தார்கள். தேங்காய் உடைத்தான். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தான். மனைவி தலைக்குக் குளித்து, முந்தின ராத்திரியிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பொரி அவளுக்குக் கீழே நொறுங்கியது. மைத்துனன் ஹாண்டிலைச் சுற்றினான். நாற்பத்தாறு சுற்று. நான் எண்ணினேன், எண்ணுவதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

பானெட்டைத் திறந்தான். சரக்குக் கிடங்கைத்தான் திறந்தோமோ என்று இருந்தது எனக்கு. எஞ்சினின் இடது பக்கம் பொரியைக் கொண்டுபோய் அடுக்கியிருந்தார்கள். வலது பக்கம் கடலை. நடுவில் குதிரைமயிரும் செவ்வந்தி இதழும் போட்டு ஒரு கூடு. அதில் ரோஸ் நிறத்தில் கண் திறக்காத குஞ்சுகள் ஐந்து. பிளக் ஒயர் நாலில் இரண்டு பாதியில் அறுந்து தொங்கின. ஒன்று இருந்த இடமே தெரியவில்லை.

“ஒன்னு நல்லாத்தானுங்க இருக்குது மாமா” என்றான் மைத்துனன்.

“நாலு மாட்டில் ஒன்று உயிரோடு இருந்தால் நீ ஏர் ஓட்டுவாயா?”

“சணல் சுத்திப் பாக்கட்டுங்களா?”

“அதை உன் வாயில் சுற்று.”

மனைவி முன்சீட்டிலிருந்து இறங்கவில்லை. “என்னுங்க ஆச்சு?” என்று மட்டும் கேட்டாள். ஒயர் போய்விட்டது என்றேன். “வண்டிக்காரரைக் கூப்பிடுங்க. ரயிலுக்குப் போலாம்” என்றாள். எட்டு மணிக்கு அங்கே இருக்க முடியாது என்று நான் சொன்னேன். “எட்டு மணிக்கு இல்லீன்னா பத்து மணிக்கு இருப்பமுங்க. ஊட்ல உக்காந்தா எத்தனை மணிக்கு இருப்பம்?” என்றாள்.

தோட்டக்காரரின் மாட்டுவண்டியில் கஞ்சிக்கோடு ஸ்டேஷனுக்குப் போனோம். அந்த வண்டிக்கும்தான் பூஜை போட்டிருந்தது. மாட்டுக் கொம்பில் சந்தனம் காய்ந்திருந்தது. ஆனால் அதில் எலி தின்ன ஒன்றுமில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்றைக்கும் மாட்டுவண்டியை மதிக்கிறேன். ரயில் பன்னிரண்டு நிமிஷம் தாமதம். கோயமுத்தூரில் இறங்கி ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது மணி பத்து இருபது.

டாக்டர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அறுக்க வேண்டிய ஆறு கண்ணில் ஐந்தை அறுத்து முடித்துவிட்டார். கம்பவுண்டர் கத்திகளைத் துடைத்து, வெல்வெட் போட்ட பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தான்.

“எட்டு மணிக்கு வரச் சொன்னேன்லா?” என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. “இப்ப மணி என்ன? எல்லாம் எடுத்து வச்சாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க.”

நான் விஷயத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஜூன் மாதம் ஐந்தாம் தேதி வண்டி வந்ததிலிருந்து சொன்னால்தான் விளங்கும். பாச்சை உருண்டைவரைக்கும் வந்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார். “ஐயா, எனக்கு ரயிலுக்கு நேரமாகுது” என்றார்.

அப்போது என் மனைவி, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்: “டாக்டருங்களே, நீங்களும் கத்தியைப் பூசைல வெச்சுட்டீங்களா?”

டாக்டர் அவளைப் பார்த்தார். “எங்க வீட்ல பூஜையெல்லாம் கிடையாதும்மா. நாங்க வேதக்காரங்க.”

“அப்பறம் என்னுங்க? பூசைல வெச்ச எங்க வண்டியைத்தான் தொடக் கூடாது. உங்க கத்தியை எடுக்க என்ன தடை? நான் பச்சைத் தண்ணி குடிக்காம வந்திருக்கறன்.”

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டான். டாக்டர் சிரித்தார். நல்ல பெரிய சிரிப்பு. சிரித்து முடித்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “எலே, தண்ணியைத் திரும்பக் கொதிக்க வை” என்றார். என்னிடம், “நீங்க வெளியே உக்காருங்க ஐயா. எலிக் கதையை நான் வந்து கேக்கேன்” என்றார். கேட்கவில்லை. எல்லோரும் அப்படித்தான்.

பன்னிரண்டு நாள் கண்ணைக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். பிறகு கட்டவிழ்த்து, சோடாபாட்டில் அடி போலத் தடித்த ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “மெலிஞ்சு போயிட்டீங்க” என்றாள். அதன்பிறகு ஊர் வரும்வரை ரயில் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. பனைமரங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து ஒட்டியது.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும் கொட்டகைக்குப் போனாள். மைத்துனன் வாசலிலேயே நின்றுகொண்டான். அவன் உள்ளே வராமல் நின்றதில் கொஞ்சம் புத்தி தெரிந்தது. வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். மட்கார்டைத் தொட்டாள். ஒட்டுப் போட்ட கான்வாஸைப் பார்த்தாள். பின்சீட்டின் ஓட்டைக்குள் குனிந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இதுக்குத்தானா அறுநூறு ரூபா?”

நான் வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.

“டேய்” என்று வாசல் பக்கம் திரும்பினாள். “இதாடா மயில் கழுத்து? சாணி காஞ்ச நிறத்துல கெடக்குது.”

“அக்கட்டால தள்ளி நின்னு பாத்தா மயில் கழுத்து மாதிரி தெரியுமக்கா. வெயில்ல.”

“அக்கட்டால நின்னா உன்னையக்கூட மனுசன் மாதிரித்தான் தெரியுது.”

முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியதில் அவளும் நானும் முழுமனதாக ஒரே அபிப்பிராயத்தில் இருந்த இடம் அது. அந்த வாரமே வண்டியை விற்றுவிட வேண்டும் என்றாள். விற்றேன். அரிசி மில்காரர் ஒருவர் எஞ்சினை மாவு அரைக்கும் இயந்திரத்தோடு பூட்டலாம் என்று முந்நூற்று இருபத்தைந்துக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கு எலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். “மில்லுல இல்லாத எலிங்களா?” என்று சிரித்தார். அப்படிச் சிரிக்கிறவர்களிடம் நான் பிறகு பேசுவதில்லை.

ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி வண்டியை இழுத்தார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதும் அடியிலிருந்து எலிகள் ஒவ்வொன்றாகக் குதித்துப் பத்தாயத்தை நோக்கி ஓடின. அவசரம் இல்லாமல்தான் ஓடின. “ஏழு” என்றேன் நான்.

“எட்டுங்க” என்றாள் அவள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. “கடைசீல ஒரு குட்டி போச்சு. நீங்க பாக்கலீங்க.”

மைத்துனன் மறுபடி எஸ்டேட்டுக்கே போய்விட்டான். டாக்டருக்குக் கொடுத்ததை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கண் கணக்கு, எலிக் கணக்கு இல்லை. வண்டி விற்றதில் நஷ்டம் இருநூற்று எழுபத்தைந்து ரூபாய். பாச்சை உருண்டை, பொறி, மண்தொட்டி, பூனைக்குப் பால், என் குளிர்காய்ச்சலுக்குக் கொயினா எல்லாம் சேர்ந்து பதினாலு ரூபாய் பத்தணா. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு மாட்டுவண்டி, ரயில், ஜட்கா மூன்று ரூபாய் ஐந்தணா. எலிகளுக்கு நாங்களே இலை போட்டுப் பரிமாறிய பொரி, வெல்லம், கரும்பு வகையில் பதின்மூன்று அணா ஆறு பை. ஆக மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய், பன்னிரண்டு அணா, ஆறு பை.